கார்ப்பே தீயெம்: தமிழில் எப்படிச் சொல்வது?

புதுச்சேரியில் பிரெஞ்சு இலக்கியம் படிக்கிறவர்கள் கவிஞர் ரொன்சாரைச் சந்திக்காமல் இருப்பது கடினம். 1553-இல் அச்சான அவருடைய ரோஜாக் கவிதையில், காலையில் இதழ் விரித்த பூவைப் பார்க்கக் காதலியை மாலையில் அழைத்துப் போகிறார். அதற்குள் இதழெல்லாம் உதிர்ந்து கிடக்கிறது. ‘உன் இளமையைக் கொய்துகொள்’ என்று முடிக்கிறார். நம் பெரிய மார்க்கெட்டில் மல்லி அரும்பு விற்கும் அம்மாவும் ‘இப்பவே வாங்கிக்கம்மா, பொழுது சாஞ்சா பூத்துடும்’ என்றுதான் ஆளை மசிய வைப்பார்.

இந்த வகைக் கவிதைக்குப் பெயர் தந்தது ‘கார்ப்பே தீயெம்’ என்ற லத்தீன் தொடர். ரோமக் கவிஞர் ஹொராஸ் கி.மு. 23-இல் வெளியிட்ட பாடல்களில் வருவது. சோதிடம் பார்த்துக்கொண்டிருக்கும் லியூக்கோனோயே என்பவளிடம், ‘பேசிக்கொண்டிருக்கும்போதே காலம் ஓடிவிடும், இன்றைக் கொய், நாளையை நம்பாதே’ என்கிறார். ‘கார்ப்பே’ பூவும் கனியும் பறிக்கிற வினை. அதே பாட்டில் நெடிய ஆசையைக் கொடி போல வெட்டிவிடச் சொல்வதால், தோட்டத்து வாடை தெளிவாகவே அடிக்கிறது. ஆங்கிலம் வழியாக வந்த ‘நாளைக் கைப்பற்று’ அந்த வாடையைப் போக்கிவிட்டது. போதாக்குறைக்கு, தமிழில் அதை ‘மறுநாளைக் கைப்பற்று’ என்றும் படிக்கலாம். ஹொராஸ் வேண்டாம் என்றதே அதுதான்! ‘இன்றைக் கொய்’ என்பதே சரி.

சரி, கவிதை வகைக்கு என்ன பெயர்? ‘இளமை நிலையாமை’ நாலடியாரில் ஓர் அதிகாரம். ஆனால் அது இளமை போய்விடும் என்று சொல்லி அறத்துக்கும் துறவுக்கும் கூப்பிடுகிறது. 1681-இல் அச்சான, ஆங்கிலக் கவிஞர் மார்வெல்லின் கவிதையோ அதே காரணத்தைச் சொல்லி, நாணும் பெண்ணைக் கட்டிலுக்கு அழைக்கிறது. அகத்துறைகளில் ‘குறை நயப்பித்தல்’ இருக்கிறது: தலைவனின் வேண்டுகோளுக்குத் தலைவியைத் தோழி இணங்க வைப்பது. அங்கே பெரும்பாலும் பேசப்படுவது அவன் படும் பாடு. ஓடும் காலம் அவ்வளவாக வராது.

காலத்தைக் காட்டி வாதாடும் பாட்டு கலித்தொகையின் பாலைக்கலியில் இருக்கிறது. பொருள் தேடப் புறப்படும் தலைவனைத் தோழி மறிக்கிறாள். ஒரே துணியைக் கிழித்து ஆளுக்குப் பாதியாக உடுத்தினாலும், சேர்ந்திருப்பதே வாழ்க்கை என்கிறாள். ‘அரிதரோ சென்ற இளமை தரற்கு.’ மேற்கே ஆண் பெண்ணை அழைக்கச் சொன்ன காரணத்தை, இங்கே ஒரு பெண் ஆணை நிறுத்தச் சொல்கிறாள். எனக்கு இந்த வாதம்தான் கனமாகப் படுகிறது. மார்வெல்லிடம் அவசரமே அதிகம்.

‘இளமை நிலையாமை’, ‘குறை நயப்பித்தல்’ இரண்டையும் சேர்த்து, இந்தக் கவிதை வகையை ‘இளமை காட்டி நயப்பித்தல்’ என்று சொல்லலாம். நீளம் என்பவர்கள் ‘இளமை நயப்பு’ என்று சுருக்கிக்கொள்ளட்டும்.