குக்கி செய்வது என்ன, குக்கி இல்லாமலே நடப்பது என்ன

பிரவுசரும், தளத்தை வைத்திருக்கும் கணினியான சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறைக்கு ஞாபகசக்தி கிடையாது. பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும், சர்வர் அனுப்பும், அத்தோடு கணக்கு முடிந்தது. அரை நொடி கழித்து அதே ஆள் அடுத்த பக்கத்தைக் கேட்டாலும் சர்வருக்கு அவர் புது ஆள்தான். செய்தி படிக்க இது போதும். கடை நடத்தப் போதாது. கூடையில் ஒரு புடவையைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், அந்தக் கூடை யாருடையது என்று சர்வருக்குத் தெரியாது.

1994இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மாண்டுலி இதற்கு ஒரு வழி கண்டார். எம்சிஐ என்ற தொலைபேசி நிறுவனத்துக்காக இணையக் கடை ஒன்றைக் கட்ட வேண்டியிருந்தது. பாதியில் நிற்கும் ஆர்டர்களைத் தங்கள் சர்வரில் சேர்த்துவைக்க எம்சிஐக்கு விருப்பமில்லை. அப்படியானால் அந்தக் குறிப்பை வாடிக்கையாளரின் கணினியிலேயே வைத்துவிடலாம் என்பதுதான் மாண்டுலியின் யோசனை. அந்தக் குறிப்புதான் குக்கி.

வேலை நடக்கும் விதம் எளிது. சர்வர் பக்கத்தை அனுப்பும்போது, அதன் தலைப்புப் பகுதியில் 'செட்-குக்கி' என்ற ஒரு வரியைச் சேர்க்கிறது. அதில் ஒரு பெயர், ஒரு மதிப்பு, சில நிபந்தனைகள். பிரவுசர் அதை வட்டில் எழுதிவைத்துக்கொள்கிறது. அதன் பிறகு அதே தளத்துக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையிலும், படமோ பக்கமோ எதைக் கேட்டாலும், அந்தப் பெயரையும் மதிப்பையும் தானாகவே சேர்த்து அனுப்புகிறது. குக்கி நிரல் அல்ல, எதையும் இயக்காது. உங்கள் கோப்புகளைப் படிக்கவும் அதனால் முடியாது.

பெரும்பாலான குக்கிகளுக்குள் உங்கள் பெயரோ வயதோ இருப்பதில்லை. இருபது முப்பது எழுத்தில் அர்த்தமில்லாத ஓர் எண் மட்டும் இருக்கும். கோயில் வாசலில் செருப்பை விட்டால் கையில் ஒரு டோக்கன் தருவார்களே, அதுபோல. டோக்கனில் இருப்பது வெறும் எண், செருப்பு இருப்பது கவுன்டருக்குள். உங்களைப் பற்றிய தகவல் எல்லாம் சர்வரின் தரவுத்தளத்தில் அந்த எண்ணுக்கு நேராக எழுதப்பட்டிருக்கும். அதனால்தான் ஒரு குக்கிக்கு 4096 பைட் என்ற வரம்பு யாருக்கும் பெரிய தொல்லையாக இல்லை.

நிபந்தனைகளில்தான் விஷயம் இருக்கிறது. காலாவதித் தேதி குறிக்காத குக்கி, பிரவுசரை மூடியதும் போய்விட வேண்டும். ஆனால் 'விட்ட இடத்திலிருந்து தொடர்' என்று பிரவுசரில் அமைத்திருந்தால் அதுவும் உயிரோடு திரும்பி வரும். தேதி குறித்த குக்கிக்கு ஒரு காலத்தில் இருபது முப்பது வருடம்கூட ஆயுள் கொடுத்தார்கள். 2022 முதல் குரோம் அதிகபட்சம் 400 நாள் என்று வெட்டிவிடுகிறது. ஆனால் தளத்துக்கு நீங்கள் திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்த 400 நாளைச் சர்வர் புதுப்பிக்கலாம். 'செக்யூர்' என்று குறித்த குக்கி, பூட்டுள்ள எச்டிடிபிஎஸ் இணைப்பில் மட்டுமே போகும். 'எச்டிடிபிஒன்லி' என்று குறித்ததைப் பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொட முடியாது. 'சேம்சைட்' என்பது வேறொரு தளத்திலிருந்து எழும் கோரிக்கையில் குக்கியை அனுப்பலாமா கூடாதா என்று சொல்கிறது.

இவற்றைத் தளம் கட்டுகிறவர் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை 2010இல் வந்த ஃபயர்ஷீப் என்ற நீட்சி, அதாவது ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் சேர்க்கும் சிறு நிரல், காட்டியது. அப்போது பல பெரிய தளங்கள் கடவுச்சொல் கேட்கும் பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டு, மற்றப் பக்கங்களைத் திறந்தே வைத்திருந்தன. காபிக் கடை வைஃபையில் பக்கத்து மேசைக்காரரின் குக்கி காற்றில் அப்படியே பறந்தது. அதைப் பிடித்தவர், கடவுச்சொல் தெரியாமலே அவருடைய கணக்குக்குள் நுழையலாம். இன்று காற்றில் பிடிப்பது கடினம். அதனால் திருடர்கள் கணினிக்குள்ளேயே வருகிறார்கள். திருட்டு மென்பொருளோ சந்தேகமான இணைப்போ வழியாக நுழையும் நிரல், பிரவுசரின் குக்கிகளை மொத்தமாக வாரிக்கொண்டு போகும். ஓடிபி எல்லாம் உள்ளே நுழையும்போது மட்டுமே கேட்கப்படுவது. குக்கி கையில் இருப்பவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். கணக்கு திருட்டுப் போனால் கடவுச்சொல்லை மாற்றுவதோடு நிற்காமல் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்த வேண்டியதற்குக் காரணம் இதுதான். அதை அழுத்தினால் சர்வர் பழைய எண்களைச் செல்லாதவையாக்கும். டேபை மூடினால் சர்வருக்கு ஒன்றும் தெரியாது.

இதுவரை சொன்னது ஒரு தளத்துக்கும் உங்களுக்கும் இடையில் நடப்பது. கண்காணிப்பு தொடங்குவது மூன்றாவது ஆள் நுழையும்போது.

ஒரு செய்தித்தளத்தின் பக்கம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. எழுத்து ஒரு சர்வரிலிருந்து, எழுத்துரு இன்னொன்றிலிருந்து, காணொளி வேறொன்றிலிருந்து, விளம்பரம் விளம்பர நிறுவனத்திடமிருந்து. அந்த விளம்பரப் படத்தைப் பிரவுசர் கேட்கும்போது, விளம்பர நிறுவனமும் பதிலோடு தன் குக்கியை வைக்கலாம். நீங்கள் அந்த நிறுவனத்தின் தளத்துக்குப் போனதே இல்லை, பெயர்கூடத் தெரியாது, ஆனாலும் குக்கி வந்துவிட்டது. அடுத்து ஒரு சமையல் தளம், அதற்கடுத்து மருந்துத் தளம்; அங்கேயும் அதே நிறுவனத்தின் விளம்பரம் இருந்தால், அதே எண் அந்த நிறுவனத்துக்குத் திரும்பப் போகிறது. எந்தப் பக்கத்திலிருந்து கோரிக்கை வந்தது என்பதை 'ரெஃபரர்' என்ற தலைப்பு வரி சொல்லிவிடும். 2020க்குப் பிறகு பிரவுசர்கள் அதில் தளத்தின் பெயரை மட்டும் அனுப்பும்படி குறைத்துவிட்டன. அதனால் பக்கத்தில் ஓடும் விளம்பர ஸ்கிரிப்டே முழு முகவரியையும் எடுத்துத் தன் கோரிக்கைக்குள் எழுதி அனுப்பிவிடுகிறது.

விளம்பரம் கண்ணில் பட வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே ஒரு புள்ளி அகலமும் உயரமும் உள்ள, நிறமே இல்லாத ஜிஃப் படம் போதும். அதன் அளவு 43 பைட். படத்தால் யாருக்கும் பயனில்லை, அதைக் கேட்டு எழும் கோரிக்கைதான் சரக்கு. மின்னஞ்சலில் இதே உத்தியை வைத்துத்தான் நீங்கள் கடிதத்தைத் திறந்தீர்களா என்று அனுப்பியவர் தெரிந்துகொள்கிறார். படங்களைத் தானாகக் காட்டாதே என்று அமைத்துவிட்டால் அது நின்றுவிடும்.

இந்த வழி வரும் என்பது முன்பே தெரிந்திருந்தது. 1997 பிப்ரவரியில் வந்த முதல் குக்கித் தரநிலையான ஆர்எஃப்சி 2109, மூன்றாம் தரப்புக் குக்கிகளை, அதாவது நீங்கள் போகாத தளம் வைப்பவற்றை, பயனர் சம்மதம் இல்லாமல் ஏற்கக் கூடாது என்றே எழுதியது. அதை எழுதிய இருவரில் ஒருவர் மாண்டுலி. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்ட்டும் அதைக் கண்டுகொள்ளவில்லை. 90களின் நடுவில் தொடங்கிய டபுள்கிளிக் என்ற விளம்பர நிறுவனம் இந்தத் திறந்த கதவின் வழியாகத்தான் வளர்ந்தது. 2007இல் அதை 310 கோடி டாலருக்கு வாங்குவதாக கூகுள் அறிவித்தது.

ஒரு நிறுவனம் வைத்த குக்கியை இன்னொரு நிறுவனம் படிக்க முடியாது என்பது பிரவுசரின் அடிப்படை விதி. இதைச் சுற்றிப்போகவும் வழி இருக்கிறது. முதல் நிறுவனத்தின் ஒரு புள்ளிப் படம், பிரவுசரை இரண்டாவது நிறுவனத்தின் முகவரிக்குத் திருப்பிவிடும், தன்னுடைய எண்ணையும் அந்த முகவரியிலேயே ஒட்டி. இரண்டாவது நிறுவனம் தன் குக்கியையும் ஒட்டிவந்த எண்ணையும் ஒரே வரியில் எழுதிக்கொள்ளும். இனி அவர்கள் உங்களைப் பற்றித் தாராளமாகப் பேசிக்கொள்ளலாம், உங்கள் பிரவுசர் இல்லாமலே. பக்கம் திறக்கும் நேரத்தில், உங்களுக்கு யார் விளம்பரம் காட்டுவது என்று ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் நடந்து முடியும் விளம்பர ஏலங்களுக்கு அடித்தளம் இந்த எண் பொருத்தம்தான்.

பிறகு சுவர்கள் எழுந்தன. ஆப்பிளின் பிரவுசரான சஃபாரி 2017இல் கட்டுப்பாட்டை இறுக்கத் தொடங்கி, 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுவதுமாக அடைத்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2022இல் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி டப்பா என்று பிரித்துவிட்டது: செய்தித்தளத்தில் வைத்த விளம்பரக் குக்கி சமையல் தளத்தில் கண்ணுக்கே தெரியாது. குரோம் கதை வேறு. இரண்டு ஆண்டில் எடுத்துவிடுவோம் என்று 2020 ஜனவரியில் கூகுள் அறிவித்தது, தள்ளிப்போட்டது, 2024 தொடக்கத்தில் நூற்றில் ஒரு பயனருக்கு மட்டும் சோதித்தது, அதே ஆண்டு ஜூலையில் திட்டத்தைக் கைவிட்டது. விளம்பரத்தில் பிழைக்கும் நிறுவனமே பிரவுசரையும் செய்தால் வேறென்ன எதிர்பார்ப்பது?

குக்கி ஒருவிதத்தில் நேர்மையானது. எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம், அழிக்கலாம். அதற்கு மாற்றாக வந்தவற்றுக்கு அந்த நேர்மை இல்லை.

விளம்பரத்தையோ சமூக ஊடகப் பதிவையோ அழுத்திப் போனபின் முகவரிப் பட்டையைப் பாருங்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் 'எஃப்பிசிஎல்ஐடி' அல்லது 'ஜிசிஎல்ஐடி' என்று தொடங்கும் நீண்ட சரம் தொங்கும். முன்னது ஃபேஸ்புக்கின் அடையாளம், பின்னது கூகுளின் அடையாளம். போய்ச்சேர்ந்த தளத்தில் இருக்கும் ஸ்கிரிப்ட் அதை எடுத்து அந்தத் தளத்தின் சொந்தக் குக்கியாகவே எழுதிவைக்கிறது. மூன்றாம் தரப்பு என்ற பேச்சே இல்லை. நண்பருக்கு இணைப்பை அனுப்பும்போது அந்தச் சரத்தை வெட்டிவிட்டு அனுப்பினாலும் பக்கம் சரியாகவே திறக்கும்.

இன்னொரு வழி கொஞ்சம் கள்ளத்தனமானது. தளத்தின் உரிமையாளர் தன் முகவரிக்குக் கீழே ஒரு துணைப்பெயரை உண்டாக்கி, எந்தப் பெயர் எந்தச் சர்வருக்கு என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவில் அதைக் கண்காணிப்பு நிறுவனத்தின் சர்வருக்குத் திருப்பிவிடுவார். பிரவுசருக்கு அது வீட்டு ஆள் போலத் தெரியும். இதில் ஓர் ஆபத்து உண்டு: தளத்தின் உள்நுழைவுக் குக்கியை எல்லாத் துணைப்பெயர்களுக்கும் செல்லும்படி அமைத்திருந்தால், அதுவும் சேர்ந்தே அந்த வெளி நிறுவனத்துக்குப் போய்விடும். ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சி இந்த முகமூடியைக் கழற்றிப் பார்க்கும். டிஎன்எஸ்ஸைப் பார்க்கும் வசதியை நீட்சிகளுக்கு குரோம் தருவதில்லை என்பதால் அங்கே அது முடியாது.

பிரவுசர் கைரேகையில் எதையும் சேமிக்கவே வேண்டாம். திரையின் அளவு, நேர மண்டலம், மொழி, கிராபிக்ஸ் அட்டை, நிறுவியுள்ள எழுத்துருக்கள் என்று ஸ்கிரிப்ட் கேட்டால் பிரவுசர் சொல்லும். கண்ணுக்குத் தெரியாத பலகை ஒன்றில் ஒரு வரியை எழுதச் சொல்லி, வந்த படத்தின் புள்ளிகளைச் சுருக்கி ஓர் எண்ணாக்குவார்கள். ஒரே வரியானாலும் அட்டைக்கும் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளுக்கும் ஏற்ப எழுத்தின் ஓரங்கள் நுணுக்கமாக மாறும். தனித்தனியே இவை ஒன்றுமில்லை, சேர்ந்தால் ஆளைக் காட்டிக்கொடுக்கும். 2010இல் இணைய உரிமைகளுக்கான இஎஃப்எஃப் அமைப்பு நடத்திய சோதனையில், கிட்டத்தட்ட 4,70,000 பிரவுசர்களில் 83.6 சதவீதம் தனித்துத் தெரிந்தன. அந்தச் சோதனைக்குத் தானாக முன்வந்தவர்கள் பெரும்பாலும் கணினி விவரமறிந்தவர்கள் என்பதால் பொதுமக்களிடையே எண்ணிக்கை குறையலாம். ஒரே மாதிரி ஐபோன்கள் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் டிடிபி வேலைக்காகப் பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களை ஏற்றிவைத்திருக்கும் கணினி, எழுத்துருப் பட்டியலைப் பொறுத்தவரை உலகக் கூட்டத்தில் சட்டென்று தெரியும்.

எல்லாவற்றிலும் வலுவானது நீங்களே கொடுப்பது: மின்னஞ்சலும் கைபேசி எண்ணும். தளங்கள் இவற்றை 'ஹேஷ்' செய்து, அதாவது திரும்பப் படிக்க முடியாத சரமாக்கி, விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்புகின்றன. எண்ணையே அனுப்பவில்லை, ஆகவே பாதுகாப்பு என்பது வாதம். ஒரே எண்ணை எங்கே ஹேஷ் செய்தாலும் ஒரே சரம்தான் வரும் என்பதால் பொருத்திப் பார்க்க அது போதும். அதோடு, இந்தியக் கைபேசி எண் பத்து இலக்கம், 6 முதல் 9 வரையில் தொடங்கும். ஆக இருக்கக்கூடியவை மொத்தம் 400 கோடி. அத்தனையையும் ஹேஷ் செய்து பட்டியல் போடுவது நல்ல கிராபிக்ஸ் அட்டைக்குச் சில நொடி வேலை.

குக்கிக்குச் சம்மதம் கேட்டுத் தளங்களில் வரும் பட்டைகள் ஐரோப்பியச் சட்டத்தால் வந்தவை: 2009இல் திருத்தப்பட்ட மின்தனியுரிமை உத்தரவும், 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டமும். முன்கூட்டியே டிக் போட்டுவைத்த பெட்டி சம்மதமாகாது என்று 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்க ஓர் அழுத்தல், மறுக்கப் பல அழுத்தல் என்று வைத்ததற்காக பிரான்ஸின் தனியுரிமை ஆணையமான சிஎன்ஐஎல் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டது. நீங்கள் மறுத்தீர்கள் என்பதையும் தளம் ஒரு குக்கியில்தான் எழுதிவைக்கிறது. எல்லாக் குக்கிகளையும் அழித்தால் பட்டை மறுபடி முளைப்பது அதனால்தான். மறுக்கும்போது, சம்மதம் கேட்காமலே தரவைப் பயன்படுத்தத் தளம் சொல்லும் காரணமான 'நியாயமான நலன்' என்று தனியாக ஒரு பகுதி இருந்தால் அதையும் திறந்து அணைக்க வேண்டும், அங்கே பல பெட்டிகள் டிக் போட்டபடியே கிடக்கும். இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் குக்கியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை என்றாலும், 18 வயதுக்குட்பட்டவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கும் பிரிவைக் கொண்டிருக்கிறது.

கணினியில் எஃப்12 விசையை அழுத்தி, குரோமில் 'அப்ளிகேஷன்', ஃபயர்ஃபாக்ஸில் 'ஸ்டோரேஜ்' பகுதிக்குப் போனால் அந்தப் பக்கத்தின் குக்கிகள் பெயர், மதிப்பு, காலாவதியோடு வரிசையாகத் தெரியும். அதற்கு அருகிலுள்ள 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து பக்கத்தை மறுபடி ஏற்றினால், வெளியே போகும் கோரிக்கைகள் எத்தனை முகவரிகளுக்கு என்று எண்ணலாம். குக்கிகளைவிட இந்தப் பட்டியல்தான் அதிகம் சொல்லும்.

குரோம் அமைப்பில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் மூன்றாம் தரப்புக் குக்கிகளை அடைத்துவிடலாம். அன்றாட வேலைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. உடைந்தால், வேறு தளத்தின் உள்நுழைவையோ கட்டணப் பெட்டியையோ பக்கத்துக்குள் பதித்துவைத்த இடங்கள்தான் உடையும்: அழுத்தினால் சுற்றிக்கொண்டே இருக்கும், அல்லது உள்ளே நுழைந்ததுமே வெளியே தள்ளும். முகவரிப் பட்டையில் வரும் கண் குறியை அழுத்தி அந்த ஒரு தளத்துக்கு மட்டும் திறந்துவிட்டால் சரியாகிவிடும். இன்காக்னிட்டோ சாளரம், அப்படித் திறந்த எல்லாச் சாளரங்களையும் மூடும்போது குக்கிகளை அழிக்கும். உங்கள் இணைய இணைப்பின் எண்ணான ஐபி முகவரியையும் கைரேகையையும் மாற்றாது, அதற்குள் போய் மின்னஞ்சல் கணக்கில் நுழைந்தால் அதற்கு அர்த்தமும் இல்லை. கைபேசி ஆப்களில் கதையே வேறு. அங்கே குக்கிக்குப் பதில் விளம்பர எண் என்று ஒன்று கருவியிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் கூகுள், பிறகு விளம்பரங்கள் என்று போனால் அதை நீக்கலாம். நீக்கியபின் அதைக் கேட்கும் ஆப்களுக்கு வெறும் சுழியங்களே கிடைக்கும்.