தானாக வந்த வரியை என்ன செய்வது?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் எழுத்துப் பயிற்சிக்கு வருபவர்களில் ஒரு பகுதியினர், உள்ளிருந்து வந்ததில் கை வைக்கக் கூடாது என்பார்கள். இன்னொரு பகுதியினர் அசை, சீர், தளை என்று யாப்பு விதி எல்லாம் ஒப்புவிப்பார்கள். சொந்தமாக ஒரு வெண்பா வராது. முன்னவர்களிடம் திருத்தம் வருவதேயில்லை. பின்னவர்களிடம் அது முந்திக்கொண்டு வந்து நிற்கிறது.

ஓர் அடியை எடுத்துக்கொள்வோம்: ‘காற்று மெல்லக் கரையேறும் வாவியில்’. வெண்பாவுக்கு இது தளை தட்டுகிறது, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறை பிசகுகிறது. ‘காற்று’ தேமா (காற்-று, நேர் நேர்). வெண்பாவில் மாமுன் நிரை வர வேண்டும், அதாவது இத்தகைய மாச்சீரை அடுத்து ‘மெது’ போன்ற இரண்டெழுத்து அசை வர வேண்டும். ‘மெல்லக்’ ‘மெல்’ என்ற நேரில் தொடங்குகிறது. பலர் செய்வது, ‘காற்று மிகவே’ என்று அடைப்பது. தளை சரி, ஆனால் ‘மிகவே’ அங்கே சும்மா நிற்கிறது. ‘காற்று மெதுவாய்க் கரையேறும்’ என்றால் தளையும் பொருந்தும், கண்ட காட்சியும் கெடாது. ‘கரையேறும்’ என்பதை மாற்றப் போனால் ‘காற்று’டன் உள்ள பொழிப்பு மோனை (முதற் சீரும் மூன்றாம் சீரும் முதலெழுத்தில் ஒன்றுவது) போய்விடும், அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

இல்லை, ‘மெல்ல’தான் வேண்டும், அந்த ஒற்றின் அழுத்தத்தில்தான் காற்று தெரிகிறது என்றால் வெண்பாவைக் கைவிடுங்கள். மாமுன் நேர் அகவலுக்கு, அதாவது ஆசிரியப்பாவுக்கு, உரிய தளைதான். வந்த சொல்லே வடிவத்தைத் தேர்ந்துகொள்ளட்டும். யாப்புப் படித்தவருக்குத்தான் இந்த வசதி. படிக்காதவருக்கு ‘மிகவே’ ஒன்றுதான் வழி.

நமது கூத்திலும் இதுவே நடக்கிறது. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் சட்டம் (பாத்திரத்துக்குரிய பாட்டுப் பகுதி) கொடுத்த அன்றே யாரும் களரியில், அதாவது ஆடுகளத்தில், தன்பாட்டுக்கு ஆடுவதில்லை. தாளக்கட்டு காலில் ஏற வேண்டும், சதங்கை அணிய வேண்டும், அடுக்குப் பார்க்க வேண்டும், அதாவது முழு ஒத்திகை. அரங்கேற்றம் அதற்குப் பிறகுதான். கால் தாளத்தைப் பார்த்துக்கொண்டால்தான் மனம் பாத்திரத்துக்குப் போகும்.

சிறுகதைக்கு வருவோம். முதல் எழுத்துக்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். எதையும் அழிக்க வேண்டாம். சரியான சொல் கிடைக்காத இடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு மேலே போங்கள். பிறகு கொப்பியை ஒரு கிழமை மூடி வையுங்கள். அன்று இரவே திறந்தால் எழுதியது கண்ணில் படாது, எழுத நினைத்ததுதான் படும்.

ஒரு கிழமைக்குப் பின் வாய்விட்டு வாசியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் நீண்டிருக்கிறது. முதல் இரண்டு பந்திகளை மறைத்துவிட்டு மூன்றாவதிலிருந்து வாசித்துப் பாருங்கள். கதை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். முதற் பந்திகள் நீங்கள் சூடேறுவதற்காக எழுதியவை.

பேச்சில் வரும் ‘மறுகா’வை ‘பிறகு’ என்று திருத்தாதீர்கள். படித்தவர்கள் அதிகம் செய்யும் தவறு இது. அந்தச் சொல் போனால் பேசுகிற ஆச்சி எந்த ஊர் என்றே தெரியாமல் போகிறது.

சந்தியும் எழுத்துப்பிழையும் கடைசிச் சுற்றில். அவற்றில் முதலில் இறங்கினால் வெட்ட வேண்டிய பந்தியையும் துடைத்துப் பளபளப்பாக்கி விடுவீர்கள். பிறகு வெட்ட மனம் வராது.