சிப்பி ஓட்டில் சாயம் எங்கே?

மண்டபத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கரையில் வலை உதறும் இடத்தில் கிடக்கும் முத்துச்சிப்பி ஓடுகளைப் பொறுக்கி வந்து கழுவி, சட்டம் உளுத்துப்போன ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுற்றி ஒட்டினாராம். ‘சாய்த்துப் பார்த்தால் ரோஸ் பச்சையாகிறது. இது என்ன சாயம்? ஜன்னலோரம் மாட்டினால் வெளுத்துவிடுமா?’ கூடவே, கடலில் செத்ததை வீட்டில் வைத்தால் ஆகாது என்கிறாராம் மாமியார்.

மாமியாருக்கு முதலில் பதில். ஓட்டில் ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டாமல் விட்டால் நாலாம் நாள் வீடு நாறும். எனக்குத் தெரிந்து வேறு தோஷம் இல்லை.

சாயமும் இல்லை. உள்பக்கத்தில் மினுங்கும் அந்தப் படலத்தில் சுமார் 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். அதைப் பொடியாக அரைத்துப் பாருங்கள், வெள்ளை மாவுதான் மிஞ்சும். ரோஸும் பச்சையும் அம்மியிலேயே காணாமல் போயிருக்கும்.

அப்படியானால் நிறம் எங்கே இருந்தது? அடுக்கில். சிப்பி ஒரு கொத்தனார். சுமார் அரை மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் கால்சியம் கார்பனேட் சில்லுகளை வரிசை வரிசையாகப் பாவி, இடையில் புரதத்தைச் சாந்தாகத் தடவிக்கொண்டே போகும். ஒரு தலைமுடியின் பருமனுக்குள் ஏறக்குறைய 150 வரிசை அடங்கிவிடும். ஒளி விழும்போது ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் திருப்பி அனுப்புகிறது. கரைவலை இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒரே தாளத்தில் இழுத்தால் வலை வரும், ஆளுக்கொரு தாளம் என்றால் நகராது. அதேபோல, மேல் வரிசையில் பட்டுத் திரும்பிய அலையும் அடுத்த வரிசைவரை போய்த் திரும்பிய அலையும் தாளம் சேர்ந்தால் அந்த நிறம் ஓங்கும், சேராவிட்டால் அமுங்கும்.

கணக்கும் எளிது. வரிசையின் கனம் 0.4 மைக்ரான், ஒளிவிலகல் எண், அதாவது ஓட்டுக்குள் ஒளி எத்தனை மடங்கு மெதுவாகிறது என்ற கணக்கு, 1.6 என்று வைப்போம். போய்வரும் தூரம் 2 × 1.6 × 0.4 = 1.28 மைக்ரான், அதாவது 1280 நானோமீட்டர். இதில் 640 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு சரியாக இரண்டு அலை அடங்கும், 427 நானோமீட்டர் ஊதா மூன்று அலை. சிவப்பும் ஊதாவும் கலந்தால்? வாசகி பார்த்த ரோஸ்! கனத்தை 0.35 மைக்ரான் ஆக்கினால் இரண்டு அலை அடங்குவது 560 நானோமீட்டரில், அது பச்சை. ஒரு மில்லிமீட்டரில் இருபதாயிரத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். ஓட்டைச் சாய்த்தாலும் இதுதான் நடக்கிறது: இரண்டு அலைகளுக்கும் இடையிலான வித்தியாசம் குறைந்து, நிறம் சிவப்பிலிருந்து பச்சைப் பக்கம் நகர்கிறது.

சங்கை உடைத்துப் பாருங்கள், இந்த ஜாலம் இருக்காது. பொருள் அதேதான். ஆனால் அதில் துகள்கள் பனையோலைப் பாய் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. தாளம் சேர இடமில்லை.

நோபல் பரிசு வாங்கி ஐந்து வருஷம் கழித்து, 1935-ல், சி.வி. ராமன் இந்த மினுங்கும் ஓடுகளைப் பற்றித் தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். இன்றைக்கு ஒரு இளம் ஆய்வாளர் சிப்பி ஏன் மினுங்குகிறது என்று பார்க்கப் பணம் கேட்டால், ‘இதனால் என்ன பயன்?’ என்ற கட்டத்தை நிரப்புவதற்குள் ஆர்வம் செத்துவிடும். இது என் ஆதங்கம்.

வெளுப்பதற்கு வருவோம். சாயம் இருந்தால்தானே வெளுக்க! ஆனால் கொளுத்தும் வெயிலில் புரதச் சாந்து காய்ந்து ஓடு பொரியலாம். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் நல்லது. நிஜமான எதிரி ஆசிட். வெளிப்பக்கத்துப் பழுப்பைப் போக்க, கழிவறை கழுவும் ஆசிட்டில் ஆறு ஓடுகளை ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். ‘புஸ்’ என்று நுரைத்தது. காலையில் நாலுதான் மிச்சம், அவையும் சாக்பீஸ் மாதிரி. சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும். துளை போடுவதானால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போடுங்கள், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

பொறுக்கும்போது ஒரு துண்டு பவளப்பாறை கையில் அகப்பட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் இருக்கிறது, செத்த துண்டாக இருந்தாலும்.