சிபில் ரிப்போர்ட்டில் தப்பான பாக்கியா? மும்பைத் தமிழர்கள் சரிபார்க்க வேண்டியவை

லோன் கிடைக்காது என்று கைவிரித்த பிறகுதான் பலர், தங்கள் கடன்களும் அவற்றைக் கட்டிய விதமும் பதிவாகியிருக்கும் கிரெடிட் ரிப்போர்ட்டைத் திறக்கிறார்கள். முன்கூட்டியே பார்த்துவிடலாம், காசும் வேண்டாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய, வங்கிகளிடமிருந்து கடன் விவரங்களைத் திரட்டும் நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தரவேண்டும். ரிசர்வ் வங்கியின் இந்த விதி 2017 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. நான்கையும் எடுங்கள், ஒன்றில் திருத்திய கடன் இன்னொன்றில் பழையபடியே கிடப்பதுண்டு.

கடன் பழக்கத்துக்குத் தரும் மதிப்பெண்ணான ஸ்கோர் பிறகு. முதலில் பெயர், பான் எண், பிறந்த தேதி, முகவரி. நம்மவர்களுக்கு வம்பு பெரும்பாலும் இனிஷியலில்தான் ஆரம்பிக்கிறது. ஆதாரில் 'எஸ். முருகன்', பான் கார்டில் 'முருகன் செல்வராஜ்', தாராவியிலோ செம்பூரிலோ உள்ள வங்கிக் கிளை பதிந்தது 'செல்வராஜ் முருகன்' என்றிருந்தால், ஒரே ஆளின் கடன்கள் இரண்டு கோப்பாகப் பிரியலாம். வேறொரு முருகனின் கடன் உங்கள் தலையில் விழவும் கூடும். வாங்காத கடனோ, குடியிருக்காத முகவரியோ கண்ணில் பட்டால் உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு கடனிலும் மாதாமாதம் தவணை கட்டியதைக் காட்டும் கட்டங்கள். '000' என்றால் தவணை சரியாகக் கட்டியாயிற்று. '030' என்றால் 30 நாள் தாமதம். 'எக்ஸ்எக்ஸ்எக்ஸ்' என்றால் அந்த மாதத் தகவலை வங்கி தரவில்லை என்றுதான் பொருள், பயப்பட வேண்டாம். தாமதம் காட்டும் மாதத்தின் வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து ஒப்பிடுங்கள். வேலை மாறி பழைய சம்பளக் கணக்கில் பணமில்லாமல் இ.எம்.ஐ. பவுன்ஸ் ஆகியிருந்தால் அந்தப் பதிவு உண்மையானது. அதை நீக்கச் சொல்ல முடியாது. மூடிவிட்டதாக நினைத்த கிரெடிட் கார்டில் 500 ரூபாய் ஆண்டுக் கட்டணமும் 18% ஜி.எஸ்.டி.யுமாக 590 ரூபாய் ஏறி, அதுவே பாக்கியாக நிற்பதும் உண்டு. கார்டை மூடச் சொன்ன மின்னஞ்சல் இருந்தால் அதுதான் உங்கள் ஆதாரம்.

'செட்டில்டு' என்ற சொல்லை மிகக் கவனமாகப் பாருங்கள். வங்கி பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து முடித்த கடன் என்று அதற்கு அர்த்தம். முழுப் பணமும் கட்டியிருந்தால் 'குளோஸ்டு' என்றே இருக்கவேண்டும். இல்லையென்றால், பாக்கி எதுவும் இல்லை என்று வங்கி தந்த நோ டியூஸ் சர்டிபிகேட்டை இணைத்துத் திருத்தம் கேளுங்கள்.

புகாரைக் கடன் தந்த வங்கிக்கும் ரிப்போர்ட் தந்த நிறுவனத்துக்கும் எழுத்தில் அனுப்புங்கள். வங்கி ஒப்புக்கொள்ளாமல் சிபில் தானாக எதையும் மாற்றாது. ரிப்போர்ட்டின் அடையாள எண்ணான கன்ட்ரோல் நம்பர், கடன் கணக்கு எண், எந்த மாதம், என்ன தவறு என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். 'என் சிபிலைச் சரி செய்யவும்' என்று மொட்டையாக எழுதினால் வேலை நடக்காது. புகார் எண்ணும் தேதியும் பத்திரம். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேரவேண்டும். வங்கி 21 நாளுக்குள் திருத்திய தகவலை அனுப்பாவிட்டால் அந்தப் பணத்தை வங்கி தரவேண்டும். வங்கி அனுப்பியும் ரிப்போர்ட் நிறுவனம் கிடப்பில் போட்டால் அந்த நிறுவனம் தரவேண்டும். இது 2024 ஏப்ரல் முதல் உள்ள உரிமை, கேட்டு வாங்குங்கள்.

காசு கொடுத்தால் கெட்ட பதிவை அழித்துத் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட்டிடம் போகாதீர்கள். உண்மையான பதிவை அவரால் அழிக்க முடியாது, தவறான பதிவைத் திருத்த அவர் தேவையில்லை.

30 நாள் கடந்தும் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் இணையத்தில் கட்டணமின்றிப் புகார் தரலாம். எப்படி என்று விளக்கம் கேட்க 14448 என்ற எண் உண்டு. அலுவலக நேரத்தில் தமிழிலேயே பேசலாம்.