டிப்ஸ் வேறு, பணிக்கொடை வேறு

"அமெரிக்காவில் உணவக ஊழியர்கள் பணிக்கொடையை நம்பியே வாழ்கிறார்கள்." மொழிபெயர்ப்புச் செய்திகளில் இப்படி வாசித்து வாசித்து அலுத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் இதைப் படிப்பவர் என்ன நினைப்பார்? வேலையை விட்டு நிற்கும்போது வருகிற காசை அங்கே மாதாமாதம் கொடுக்கிறார்கள் என்றுதான். ஆனால் அந்தச் செய்தி சொல்லவந்தது டிப்ஸை, சாப்பிட்டவர் வெயிட்டருக்கு வைக்கும் காசை.

டிப் என்பது ஆங்கிலேயத் திருடர்களின் குழூஉக்குறியில் 'கொடு' என்று இருந்த சொல், 17ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அதை முதலெழுத்துச் சுருக்கம் என்பது பிறகு கட்டிய கதை. நாங்கள் பன்மையை எடுத்து டிப்ஸ் என்கிறோம். சரி, அது கிடக்கட்டும்.

பணிக்கொடைக்கு எங்கள் நாட்டில் சட்டமே உண்டு: 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் வேலை செய்தவர் விலகும்போது, வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் என்று கணக்குப் பார்த்து முதலாளி கட்டவேண்டிய கடன் அது. மாதச் சம்பளக்காரருக்கு இதுதான் கணக்கு. டிப்ஸோ சாப்பிட்டவர் விரும்பினால் வைப்பது. ஆங்கிலத்தில் கிராட்டுவிட்டி என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வருவதால், மொழிபெயர்ப்பாளர் அகராதியில் முதலில் கண்ட சொல்லைத் தூக்கிப் போடுகிறார். தருபவர் யார், எப்போது தருகிறார், தராவிட்டால் வழக்குப் போடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தால் இந்தப் பிழை வராது.

பிழையால் செய்தியின் உயிரே போகிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டொலர் கொடுத்தால் போதும், 1991 முதல் அதுதான். டிப்ஸோடு சேர்த்தும் குறைந்தபட்சச் சம்பளமான மணிக்கு 7.25 டொலர் வராவிட்டால்தான் மிச்சத்தை அவர் போடவேண்டும். சம்பளச் சுமையை வாடிக்கையாளர் தலையில் வைக்கும் ஏற்பாடு இது. பணிக்கொடை என்று எழுதினால், முதலாளி தாராளமாகக் கொடுக்கிறார் என்றல்லவா ஆகிறது!

அப்ப என்ன சொல்வது? இனாம் அரபுச் சொல். எங்கள் பேச்சில் அது 'சும்மா கிடைத்தது'; வெயிட்டர் சும்மா வாங்கவில்லை. அன்பளிப்பு கலியாண வீட்டுக்குரியது. பில்லில் விழுகிற 10 வீதம் சேவைக் கட்டணம், அது முதலாளி கை வழியாகப் போவது. யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: சந்தோசம். "அண்ணை, சந்தோசமா ஏதும் தாங்கோ" என்று கேட்டிருப்பீர்கள். பெருஞ்சீரகத் தட்டின் கீழே மடித்து வைக்கும் நூறு ரூபாவுக்குச் சரியான பெயர் அதுதான்.

வடசொல் என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிப்பார்கள். தூய சொல்லால் பொருள் குழம்புவதைவிட, ஊருக்கு விளங்கும் சொல் மேல். கந்தோரில் கோப்பு நகர்த்தக் கேட்பதையும் சந்தோசம் என்கிறார்களே என்றால், அது வேலைக்கு முன் கேட்டு வாங்கும் லஞ்சம். அதற்கு அந்தப் பெயரையே எழுதுங்கள். சந்தோசம் வேலை முடிந்தபின் வருவது, தொகையைத் தருபவரே தீர்மானிப்பது. எழுத்தில் தயக்கமானால் டிப்ஸ் என்றே போடுங்கள், ஒருவருக்கும் விளங்காமல் போகாது. பணிக்கொடையை மட்டும் சட்டத்துக்கு விட்டுவிடுங்கள்.