ஊசி ஊசியாகத் துப்பு கொடுக்கும் பூட்டு

“யூடியூபில் ஒருவர் இரண்டு கம்பியை விட்டு நாலைந்து விநாடியில் பூட்டைத் திறந்துவிடுகிறார். அப்படியென்றால் நான் காசு கொடுத்து வாங்கிய பூட்டு எதற்கு?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். அவர் எப்படித் திறக்கிறார் என்பது ஒரு கதை. உங்கள் வீட்டுக்கு வரும் திருடன் அப்படித் திறக்க மெனக்கெடமாட்டான் என்பது வேறு கதை. எனக்குப் பிடித்தது முதல் கதை. அதனால் அங்கேதான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

பல் பல்லாக வெட்டிய தட்டைச் சாவி போடும் பூட்டை எடுத்துக்கொள்வோம். பழைய எகிப்தில் மரத்தில் செய்த அதே யோசனைதான். 1860-களில் அமெரிக்காவின் லைனஸ் யேல் அதைச் சட்டைப்பையில் போடும் அளவுச் சாவியோடு உலோகத்தில் கொண்டுவந்தார். நடுவில் சுழலும் உருளை, அதைச் சுற்றி அசையாத கூடு. இரண்டையும் துளைத்துக்கொண்டு வரிசையாக ஐந்து துளைகள். ஒவ்வொரு துளையிலும் கீழே ஓர் ஊசி, அதன் தலைமேல் இன்னோர் ஊசி, எல்லாவற்றையும் கீழே அழுத்தும் ஸ்பிரிங். சாவி இல்லாதபோது மேல் ஊசிகள் பாதி கூட்டிலும் பாதி உருளையிலுமாகக் குறுக்கே நிற்பதால் உருளை சுழலாது. சரியான சாவி போனால், மேல் ஊசியும் கீழ் ஊசியும் சந்திக்கும் இடம் ஐந்து துளைகளிலும் உருளையின் விளிம்புக்கு வந்துவிடும். அப்புறம் திருப்ப வேண்டியதுதான்.

ஓர் ஊசிக்கு 10 உயரங்கள் என்று வைத்துக்கொண்டால், ஐந்து ஊசிக்கு 1,00,000 விதச் சாவிகள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஆனால் ஐந்து ஊசிகளையும் தனித்தனியாகச் சரிசெய்ய முடிந்தால்? ஊசிக்கு 10 வீதம், மொத்தமே 50 சோதனைதான். லட்சத்தை ஐம்பதாகச் சுருக்கும் அந்த வழியைப் பூட்டே காட்டிக்கொடுக்கிறது.

எப்படி? ஐந்து துளைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். எந்தத் தொழிற்சாலையாலும் அதை நூறு சதவீதம் செய்ய முடியாது. துளையிடும் இயந்திரம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்காவது அங்கே இங்கே விலகும். நாலு கால் ஸ்டூலைச் சிமெண்டுத் தரையில் வைத்தால் பாரத்தை மூன்று கால்களே தாங்க, நாலாவது ஆடிக்கொண்டிருக்குமே, அதுபோல உருளையை மெல்லத் திருப்பினால் ஐந்து ஊசிகளும் ஒன்றாகத் தடுப்பதில்லை. ஏதோ ஒன்றுதான் முதலில் இறுகுகிறது. மற்ற நான்கும் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் சும்மா துள்ளிக்கொண்டிருக்கும்.

ஒரு கம்பியால் உருளையை இலேசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கம்பியால் ஊசிகளைத் தொட்டுப் பார்ப்பார்கள். இறுகியிருப்பது விரலுக்கே தெரியும். அதை மெதுவாக உயர்த்தினால், சரியான உயரத்தில் ‘டிக்’ என்று ஒரு சின்ன அதிர்வு. உருளை மயிரிழை அளவு திரும்பும். அந்த மயிரிழையில் ஒரு குட்டித் திண்ணை உருவாகிறது. மேல் ஊசி அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறது, இனிக் கீழே விழாது. இப்போது இறுகுவது அடுத்த ஊசி. அதையும் உயர்த்து. இப்படியே ஐந்தும்.

இதைத் தடுக்க, நல்ல பூட்டுகளில் இடுப்பு ஒடுங்கிய மேல் ஊசிகளைப் போடுகிறார்கள். ஒடுங்கிய இடம் விளிம்பில் மாட்டியதும் உருளை கொஞ்சம் தாராளமாகவே திரும்பும். திறந்துவிட்டது என்று தோன்றும். திறந்திருக்காது. அந்த ஊசியை மேலும் உயர்த்தும்போது உருளை கைக்குள் பின்னோக்கி நழுவும். விட்டுக்கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. அதிகம் விட்டால் முன்னால் உட்கார்ந்தவை எல்லாம் பொலபொலவென்று விழுந்துவிடும்.

லண்டனில் பிராமா என்ற பூட்டுக்காரர் தம் பூட்டைக் கடைச் சன்னலில் வைத்து, திறப்பவருக்கு 200 கினி (அந்தக் கால ஆங்கிலேயத் தங்கக் காசு) என்று அறிவித்திருந்தார். 60 ஆண்டுகளுக்கு மேல் யாராலும் முடியவில்லை. 1851 மாபெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஹாப்ஸ், 16 நாட்களில் 51 மணி நேரம் உழைத்துத் திறந்தார். அதே ஆண்டு சப் நிறுவனப் பூட்டை 25 நிமிடத்தில் முடித்தார். அந்தப் பூட்டில் ஊசிக்குப் பதில் நெம்புத் தகடுகள். யாராவது ஒரு தகட்டைத் தேவைக்கு மேல் தூக்கினால் இறுகிக்கொண்டு உரிமையாளருக்குக் காட்டிக்கொடுக்கும் பொறி இருந்தது. ஹாப்ஸ் அந்தப் பொறியையே தமக்குத் துப்புச் சொல்ல வைத்துவிட்டார்.

இன்று இதைப் பொழுதுபோக்காகச் செய்பவர்கள் நிறைய. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 1997-லேயே சங்கம் தொடங்கிவிட்டார்கள். அவர்களிடம் இரண்டு கறாரான விதிகள்: சொந்தப் பூட்டை மட்டும் தொடு, சொந்தமே ஆனாலும் கதவில் புழக்கத்தில் இருப்பதைத் தொடாதே, உள்ளே பழுதானால் நீதான் வெளியே நிற்பாய்.

சரி, திருடன் விஷயம். செய்தித்தாளில் ‘பூட்டை உடைத்து’ என்றுதான் வருகிறது, ‘கம்பி விட்டுத் திறந்து’ என்று வருவதில்லை. கடப்பாரையை நாதாங்கியில் கொடுத்து ஒரு நெம்பு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, கைவேலைப்பாடு அருமையானது. ஆனால் எவ்வளவு நல்ல பூட்டும் அரை அங்குலத் திருகாணியில் தொங்கும் நாதாங்கியில் மாட்டினால், திருடன் பூட்டைத் தொடவே மாட்டான். திருகாணிகள் நிலைச்சட்டத்துக்குள் மூன்று அங்குலமாவது இறங்கட்டும். முன்வாசலுக்கு கஜலட்சுமி செதுக்கிய தேக்குக் கதவு, கொல்லைப்புறத்துக்கு ஓர் உதைக்குத் தாங்காத பிளாஸ்டிக் கதவு என்று இருக்கும் வீடுகள் எத்தனை! களவு போன பிறகு வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கக் கொடுக்கும் பணத்தில் பின்கதவுக்கு ஓர் இரும்புக் குறுக்குத்தாழ் போட்டிருக்கலாம். மை இதுவரை பிடித்துக்கொடுத்தது அப்பாவி வேலைக்காரர்களைத்தான் என்பது என் எண்ணம். வெளியூர் போகும்போது காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் ரோந்தில் பார்ப்பார்கள். சாவியை மீட்டர் பெட்டியில் வைக்க வேண்டாம். அந்த இடம் எல்லாருக்கும் தெரியும்.

இன்னொன்று. சாவி என்பது கடைசியில் ஐந்தாறு எண்கள்தான். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் 2008-ல் ஒரு குழு, சுமார் 60 மீட்டர் தூரத்து மாடியிலிருந்து எடுத்த படத்தை வைத்தே சாவியின் வெட்டுகளைக் கணித்து நகல் எடுக்கலாம் என்று காட்டியது. இதற்கெல்லாம் ஆராய்ச்சிப் பணமா என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. திருடனுக்கு முன்னால் பேராசிரியர் கண்டுபிடிப்பது நமக்கு மலிவு என்பேன். ஆகவே புது வீட்டுச் சாவியோடு கிரகப்பிரவேசப் படத்தை ஸ்டேட்டஸில் போடுவதாக இருந்தால், சாவியின் பற்களை உள்ளங்கையில் மூடிக்கொண்டு சிரியுங்கள்.