மழை இல்லாத இரவில் கூடாரம் ஏன் நனைகிறது?

"ஆற்றங்கரையில் கேன்வாஸ் கூடாரத்தில் இரண்டு இரவு தங்கினோம். துளி மழை இல்லை. ஆனால் விடிகாலையில் கூரையின் உள்பக்கம் முழுக்க நீர், போர்வை மேலேயே சொட்டியது. கூடாரம் ஒழுகுகிறதா, ஆற்று ஈரம் உள்ளே வந்துவிட்டதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஒழுகவில்லை. ஒழுகினால் தையல் ஓரங்களில் கோடு கோடாக இறங்கும். கூரை முழுக்கச் சீராகப் படிந்து, பக்கச் சுவரில் மட்டும் குறைவாக இருந்தால் அது ஆவி குளிர்ந்து உண்டான நீர். ஆவியில் ஒரு பங்கு ஆறு கொடுத்தது, இன்னொரு பங்கு தூங்கியவர்கள் கொடுத்தது. அதைத் துணியில் படியவைத்தது மேகமில்லாத வானம்.

முதலில் ஆவிக் கணக்கை வேகமாக முடித்துவிடலாம். தூங்கும் ஒருவர் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் மணிக்குச் சுமார் 30 முதல் 40 கிராம் நீராவியை வெளிவிடுகிறார். இருவர் எட்டு மணி நேரம் தூங்கினால் ஏறக்குறைய அரை லிட்டர். 5 மீட்டர் விட்டமும் நடுவில் 3 மீட்டர் உயரமும், ஓரத்தில் சுமார் 60 சென்டிமீட்டர் பக்கச் சுவரும் கொண்ட கூம்புக்கூரைக் கூடாரத்தில் சுமார் 27 கன மீட்டர் காற்று இருக்கும். 18 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் 15.4 கிராம் நீராவிதான் இருக்க முடியும். ஆற்றோரக் காற்றின் ஈரப்பதம் ஏற்கெனவே 90 சதவீதம் என்றால், மொத்தக் கூடாரத்திலும் இன்னும் 40 கிராமுக்குத்தான் இடம். எல்லாக் கதவும் மூடியிருந்தால், இருவர் படுத்த முக்கால் மணி நேரத்துக்குள் அந்த இடமும் நிரம்பிவிடும்.

இனி ஆவிக்குத் தேவை, காற்றைவிடக் குளிர்ந்த ஒரு பரப்பு. அதுதான் கூரைத் துணி. துணியும் காற்றும் ஒன்றாகத்தானே குளிர்கின்றன, துணி மட்டும் எப்படி முந்திக்கொள்கிறது? எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இது.

எல்லாப் பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிர்களை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். 17 டிகிரியில் உள்ள கூரைத் துணி ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 400 வாட் வீதம் வெளிவிடுகிறது. எதிரே ஒரு சுவர் இருந்தால் அதுவும் ஏறக்குறைய அதே அளவைத் திருப்பிக் கொடுத்துவிடும், கணக்கு நேராகிவிடும். கூரைக்கு எதிரே இருப்பதோ வானம். காற்றில் உள்ள நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் கொஞ்சம் கதிர்களைக் கீழே திருப்பி அனுப்புகின்றன என்றாலும், 8 முதல் 13 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் அவை பெரும்பாலும் குறுக்கே நிற்பதில்லை. வளிமண்டலத்தில் திறந்து கிடக்கும் ஜன்னல் அது. அதன் வழியாகப் போகும் வெப்பம் நேரே விண்வெளிக்குப் போகிறது. வரவு கழித்துப் பார்த்தால், தெளிந்த இரவில் ஒரு சதுர மீட்டருக்கு 70 முதல் 100 வாட் வரை நஷ்டம். நாம் எடுத்துக்கொண்ட கூடாரத்தின் கூம்புப் பரப்பு சுமார் 27 சதுர மீட்டர். அப்படியென்றால், இரண்டு கிலோவாட் ஹீட்டர் ஒன்று இரவு முழுக்கத் தலைகீழாக ஓடுகிறது.

துணியோ மெல்லியது. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கேன்வாஸை ஒரு டிகிரி குளிரவைக்க 400 ஜூல் வெப்பம் போனால் போதும். 80 வாட் நஷ்டத்தில் அதற்கு ஐந்து வினாடிதான் ஆகும். அதே வேகத்தில் தொடர்ந்து குளிர்ந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பது இருபுறமும் தொடும் காற்று. காற்று அசையாத இரவில் அந்த உதவி குறைவு என்பதால், துணி சுற்றியுள்ள காற்றைவிட 3 முதல் 5 டிகிரி கீழே போய் நிற்கும். 18 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதமுள்ள காற்று 16 டிகிரியைத் தாண்டிக் குளிர்ந்தாலே ஆவியை உதறத் தொடங்கும். 14 டிகிரியில் உள்ள துணி அதற்குத் தாராளமாகப் போதும். வெளிப்பக்கம் ஆற்றுக் காற்றின் ஆவியும், உள்பக்கம் மூச்சுக்காற்றின் ஆவியும் படிகின்றன.

நைலான் கூடாரமாக இருந்தால், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் கூரையின் உள்பக்கத்தைப் பாருங்கள். முதலில் புகை படிந்தது போன்ற மங்கல். பிறகு ஊசிமுனைத் துளிகள். பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்த இரண்டு துளிகள் தொட்டுக்கொண்டதும் சட்டென ஒன்றாகும். அவை இருந்த இடத்தில் ஒரு சின்ன உலர்ந்த திட்டு தெரியும். அந்தத் திட்டிலேயே புதிதாக ஊசிமுனைகள் முளைக்கும். தன் எடையைத் தாங்க முடியாத அளவுக்குப் பருத்த துளி சரிந்து இறங்கும்போது, வழியில் உள்ள எல்லாத் துளிகளையும் அள்ளிக்கொண்டு துடைத்துவிட்ட மாதிரி ஒரு கோடு போட்டுவிட்டுப் போகும்.

புல்லில் படியும் பனியும் இதே வகைதான். ஆனால் பனி 'விழுகிறது' என்று நாம் சொல்கிறோம். அது விழுவதில்லை என்பதை வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் 1814-இல் வெளியிட்ட ஆய்வில் அழகாகக் காட்டினார். திறந்த புல்வெளியில் எடைபோட்ட கம்பளிக் கற்றைகளை வைத்தார். ஒரு கற்றையைச் சுற்றி மட்டும், மேலே திறந்த மண் உருளை ஒன்றை நிறுத்தினார். பனி மேலிருந்து விழுவதானால் உருளைக்குள்ளும் அதே அளவு விழ வேண்டும். ஆனால் உள்ளே இருந்த கம்பளியில் மிகக் குறைவாகவே ஈரம் சேர்ந்தது. உருளையின் சுவர் அதற்கு வானத்தின் பெரும்பகுதியை மறைத்துவிட்டது, அவ்வளவுதான். தராசும் கம்பளியும் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் போக முடிந்திருக்கிறது. பனி தலையில் இறங்கித்தான் சளி பிடிக்கிறது என்ற பயத்தையும் இதோடு விட்டுவிடலாம். சளிக்குக் காரணம் வைரஸ்.

வளிமண்டலத்தில் திறந்து கிடக்கும் அந்த ஜன்னலைக் குளிரூட்டவும் பயன்படுத்தலாம். நேர் வெயிலிலேயே சுற்றுக் காற்றைவிட ஏறத்தாழ 5 டிகிரி குளிர்ந்து நிற்கும் பரப்பு ஒன்றை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2014-இல் செய்து காட்டினார்கள். மின்சாரம் வேண்டாம், சத்தமும் இல்லை. குளிரூட்டும் இயந்திரங்களுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு சிறு பங்காவது இந்த ஆய்வுகளுக்கு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, கூடாரத்துக்கு வருவோம். காரணம் வானம் என்றால், மருந்து கூரைக்கும் வானத்துக்கும் நடுவே எதையாவது வைப்பதுதான். மேகம் வந்த இரவில் கூடாரம் நனையாததும், மரத்தடியில் நிற்கும் வண்டியின் கண்ணாடி உலர்ந்திருப்பதும் இதனால்தான். இலைகள் காற்றின் வெப்பநிலையை ஒட்டியே இருப்பதால் கூரையின் கதிர்களுக்குச் சரிக்குச் சரி பதில் கொடுக்கின்றன. பட்ட கிளை தொங்கும் மரத்தடியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மரம் இல்லாத இடத்தில், கூரைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு இன்னொரு துணியை இழுத்துக் கட்டினால் போதும். வானத்தைப் பார்த்துக் குளிர்வது மேல் துணி. கீழே உள்ளது அந்தத் துணியைத்தான் பார்க்கும். இடைவெளி முக்கியம். இரண்டும் ஒட்டிக்கொண்டால் ஒரே துணியாகத்தான் நடந்துகொள்ளும்.

அடுத்தது இடம். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் தண்ணீர் போலவே வழிந்து ஆற்றுப் பள்ளத்தில் தேங்கும். நீர் விளிம்பில் போடாமல் சில மீட்டர் உயரத்தில் உள்ள திட்டில் போட்டால் இரவுக் குளிரும் குறையும், வெள்ள பயமும் குறையும்.

காற்றோட்டத்தை எல்லோரும் சொல்வார்கள், அரைகுறையாகச் செய்வார்கள். கீழே ஒரு திறப்பும் உச்சியில் ஒரு திறப்பும் சேர்ந்து இருக்க வேண்டும். உள்ளே உள்ள சூடான காற்று மேலே வெளியேறும்போதுதான் கீழே புதுக்காற்று நுழையும். உள்ளே வெளியைவிட ஐந்து டிகிரி சூடாக இருந்தால், ஒவ்வொன்றும் 200 சதுர சென்டிமீட்டர் கொண்ட இரண்டு திறப்புகள் மணிக்கு ஏறத்தாழ ஒருமுறை மொத்தக் காற்றையும் மாற்றிவிடும். மூச்சுக்காற்றின் ஆவி இதனால் குறையும். ஆனால் வெளிக்காற்றே ஈரமாக இருக்கும் ஆற்றங்கரையில் இது மட்டும் போதாது. மேல் துணியும் வேண்டும்.

கேன்வாஸுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பருத்தி இழை ஈரத்தை உள்ளிழுத்துக்கொள்ளும். இந்த அளவுக் கூடாரத்தில் சுமார் 11 கிலோ துணி இருக்கும். எடையில் பத்து சதவீதம் கூடுதலாக உறிஞ்சினாலே ஒரு லிட்டருக்கு மேல். அதனால்தான் அதே இரவில் நைலான் சொட்டும், கேன்வாஸ் வெறும் சில்லென்று இருக்கும். கேன்வாஸே சொட்டியது என்றால், அது உறிஞ்சும் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். மெத்தையைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். தரையிலும் நேரடியாகப் போட வேண்டாம்: உடலின் ஆவி கீழிறங்கிக் குளிர்ந்த அடிப்பக்கத்தில் படியும். அடியில் இடைவெளியுள்ள மரச்சட்டம் இருக்கட்டும்.

குளிருக்காக உள்ளே புகைபோக்கி இல்லாத கேஸ் அடுப்பை மூட்டுவதுதான் பெரிய தவறு. ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீர் உண்டாகும். இருவர் மூன்று இரவு விடும் ஆவிக்கு அது ஏறக்குறைய சமம். அதைவிடக் கொடியது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குபவர் விழிக்கவே மாட்டார். கரிச்சட்டியும் அப்படியே. அணைந்தது போலத் தெரிந்தாலும் கூடாரத்துக்குள் கொண்டுவரக் கூடாது.

காலையில் எழுந்ததும் கதவைப் படாரென்று திறக்காதீர்கள், அதிர்ச்சியில் அத்தனை துளியும் கொட்டும். உலர்ந்த துணியால் கூரையை மேலிருந்து கீழாக ஒற்றி எடுத்துவிட்டுத் திறங்கள். கழற்றி மடிப்பதானால் வெயில் ஏறி, தையல் மடிப்புகளும் அடிவிளிம்பும் கைக்கு உலர்ந்து தெரியும் வரை பொறுங்கள். பருத்தி பூஞ்சைக்கு உணவு. ஈரத்தோடு சுருட்டிய கேன்வாஸில் இரண்டு நாளுக்குள் கறும்புள்ளிகள் தோன்றத் தொடங்கும், பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் முழுதாகப் போகாது.